காலிக் கிடங்கை விற்க நில வகைப்பாடு மாற்றம் கேட்டு மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்:
சரக்குப் பாதைத் தெருக் கடைசியில் உள்ள காலிக் கிடங்கின் உரிமையாளர்கள் (அண்ணன், தங்கை இருவர்)

பெறுநர்:
நகரத் திட்ட அலுவலர் அவர்கள்

பொருள்: எங்கள் கிடங்கு நிலத்தைத் தொழில் மண்டலத்திலிருந்து கலப்புப் பயன்பாட்டுக்கு (கடை, அலுவலகம், குடியிருப்பு எல்லாம் சேர்ந்து இருக்கலாம் என்ற வகைக்கு) மாற்றித் தருவது, அல்லது முடியாது என்றாவது எழுத்தில் சொல்வது தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நாங்கள் முன்பு கொடுத்த மனுக்கள். ஒப்புகைச் சீட்டுகளை இணைத்திருக்கிறோம். பதில் கடிதம் எதுவும் வராததால் அதை இணைக்க வழியில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எந்தக் கிடங்கு என்று உங்களுக்கு அடையாளம் சொல்லத் தேவையில்லை. புதுக் கடைத்தெருவின் நடைபாதைக் கல் எங்கே முடிகிறதோ அங்கே, பழைய ஆலை வளாகத்துக்கு எதிரே, ஷட்டர் துருப்பிடித்து நிற்கிறதே, அதுதான். நடைபாதைத் திறப்பு விழாவுக்கு நீங்கள் வந்தபோது உங்கள் வண்டி எங்கள் சுவரை ஒட்டித்தான் நின்றது. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. அப்பா நடத்திய தொழில் நின்றுபோன பிறகு கிடங்கு காலி. எனக்கும் தங்கைக்கும் அந்தத் தொழில் தெரியாது, தொடரும் எண்ணமும் இல்லை. விற்க வேண்டும். வாங்க ஆள் இருக்கிறது. உங்கள் அலுவலகம் தர வேண்டிய ஒரு தாள் மட்டும்தான் இல்லை.

2. "தொழில் மண்டலம் என்றால் கிடங்காகவே விற்றுவிட வேண்டியதுதானே" என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். சொல்வது சுலபம். இன்றைக்குக் கிடங்கு தேடுகிறவர்கள் தரையிலிருந்து கூரைக்கு 30 அடிக்கு மேல் உயரம் கேட்கிறார்கள், ஏனென்றால் அடுக்கடுக்காக மேலே ஏற்றிச் சரக்கு வைப்பதுதான் இப்போதைய முறை. எங்களுடையது 18 அடி. நடுவில் குறுக்கும் நெடுக்குமாக இரும்புத் தூண்கள், ஃபோர்க் லிஃப்ட் வண்டி திரும்ப இடமில்லை. 40 அடி கண்டெய்னர் லாரி தெருவுக்குள் நுழைந்தால் பின்னோக்கியே வெளியே போக வேண்டும். போதாக்குறைக்கு நடைபாதை போட்டபோது தெரு முனையை நீங்களே குறுக்கிவிட்டீர்கள். அது நல்ல காரியம்தான், நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் லாரி வர முடியாதபடி தெருவை மாற்றிவிட்டு, லாரி வரும் தொழிலுக்குத்தான் அந்த இடம் என்று காகிதத்தில் வைத்திருப்பது என்ன கணக்கு என்று எங்களுக்குப் புரியவில்லை.

3. வாங்க வருகிறவர்கள் எல்லோரும் வேறு மாதிரி ஆட்கள். கீழே சிறு பட்டறைகள், கடைகள், மேலே குடியிருப்பு என்று ஒருவர். அலுவலகங்களாகப் பிரித்துத் தருகிறேன் என்று இன்னொருவர். வந்து பார்க்கிறார்கள், வடக்குப் பக்கக் கண்ணாடி வழியாக உள்ளே விழும் வெளிச்சத்தைப் பார்த்து ஆசைப்படுகிறார்கள், ஒப்பந்தம் போடுகிறார்கள், முன்பணமும் தருகிறார்கள். அப்புறம் வங்கிக்குப் போனால் முதல் கேள்வியே நில வகைப்பாடு என்ன என்பதுதான். தொழில் மண்டலத்தில் குடியிருப்புத் திட்டத்துக்கு எந்த வங்கியும் கடன் தராது. "மனு போட்டிருக்கிறோம், பரிசீலனையில் இருக்கிறது" என்று நாங்கள் சொல்ல, அவர்கள் கொஞ்ச காலம் பொறுக்க, கெடு நீட்ட, மறுபடி நீட்ட, கடைசியில் முன்பணத்தைத் திருப்பிக் கேட்க, நாங்கள் கொடுக்க, இதுவே நடக்கிறது. கடைசியாக வந்தவர் எங்களைத் திட்டவில்லை. "உங்கள் மேல் தப்பில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தாலும் பரவாயில்லை.

4. விலை வராததைக்கூடப் பொறுத்துக்கொள்வோம் ஐயா. எங்களைத் தூங்கவிடாமல் செய்வது வேறு. தயவுசெய்து இந்த ஒரு பத்தியையாவது முழுதாகப் படிக்கவும்.

காலிக் கட்டடம் என்று தெரிந்த நாளிலிருந்து இரவில் ஆள் நுழைகிறது. முதலில் போனது செம்புக் கம்பி. மெயின் போர்டிலிருந்து கடைசி விளக்கு வரை சுவரைக் கொத்தி உருவிக்கொண்டு போய்விட்டார்கள். அப்புறம் குழாய்கள், ஜன்னல் கம்பிகள், சரக்கு ஏற்றும் மேடையின் இரும்பு ஓரம். அதெல்லாம் போகட்டும். கூரை ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும், உங்களுக்குத் தெரியும். இரண்டு சரிவு சேரும் பள்ளத்தில் மழைத் தண்ணீர் ஓடுவதற்குத் தகரத் தாரை வைத்திருந்தார்கள். அதையும் பெயர்த்துக்கொண்டார்கள். அந்தக் காலத்துக் கட்டடம், உள்ளே கூடாக இருக்கும் இரும்புத் தூண்கள்தான் மழைநீர் இறங்கும் குழாயும். தாரை போனதால் குப்பையும் சருகும் நேராகத் தூணுக்குள் விழுந்து அடைத்துக்கொண்டது. தண்ணீர் வெளியேறாமல் தூணுக்குள்ளேயே நிற்கிறது. மூன்றாவது வரிசையில் ஒரு தூணில் நீளவாக்கில் வெடிப்பு விட்டிருக்கிறது, அதிலிருந்து துரு கலந்த தண்ணீர் ஒழுகி அடியில் சிவப்பாகக் கறை படிந்திருக்கிறது. கூரை நிற்பது அந்தத் தூண்களின் மேல்தான்.

இதற்கும் மேல் நெருப்பு. திருடிய கம்பியை உறையோடு விற்றால் காசு குறைவு என்று அங்கேயே குவித்துக் கொளுத்துகிறார்கள். சிமெண்ட் தரையில் அங்கங்கே கறுப்பு வட்டம், உருகி ஒட்டிய பிளாஸ்டிக், அந்த நாற்றம் ஷட்டருக்கு வெளியேயே அடிக்கிறது. மாடியில் மரத் தளம். அங்கே வேறு ஆட்கள் படுக்கிறார்கள், பாவம் அவர்களுக்கும் போக்கிடம் இல்லை, மெத்தையும் மெழுகுவர்த்தித் துண்டுகளும் கிடக்கின்றன. விரட்டினால் நாலு நாளில் திரும்ப வருகிறார்கள். காவலாளி வைத்தோம், ஒரு இரவு கல்லெறி வாங்கியதோடு நின்றுவிட்டார். பூட்டு மாற்றினோம், பூட்டையும் கொண்டுபோனார்கள். இரவில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தாலே தங்கைக்குக் கை நடுங்குகிறது.

காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். கட்டடம் 30 நாளோ 60 நாளோ தொடர்ந்து காலியாக இருந்தால் திருட்டுக்கும் நாசத்துக்கும் பொறுப்பில்லை என்று பாலிசியிலேயே பொடி எழுத்தில் இருக்கும், பெரும்பாலான நிறுவனங்கள் அப்படித்தான். எங்களுக்கும் அதுதான் நடந்தது. புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள்.

நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 1999 டிசம்பரில் அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் இதே மாதிரி ஒரு காலிக் கிடங்கு, பழைய குளிர்பதனக் கிடங்கு, தீப்பிடித்தது. உள்ளே தங்கியிருந்த வீடில்லாத இருவர் மெழுகுவர்த்தி சாய்ந்து பற்றியதை யாரிடமும் சொல்லாமல் ஓடிவிட்டார்கள். உள்ளே ஆள் இருக்கலாம் என்று நினைத்துத் தீயணைப்பு வீரர்கள் நுழைந்தார்கள். ஜன்னல் இல்லாத கட்டடம், புகையில் வழி தெரியவில்லை. 6 பேர் திரும்பி வரவே இல்லை. எங்கள் கிடங்கு பற்றினால் எதிரே ஆலை வளாகத்தில் மாலை நேரத்தில் எத்தனை குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு விசாரணை வரும். கோப்பைத் தேடுவார்கள். அப்போது கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் எழுதியதை அடித்து நீக்கப் போவதில்லை.

5. சரி, விற்கும் வரை கூரையையாவது பழுது பார்க்கலாம் என்று அனுமதி கேட்டோம். "வகைப்பாடு மாற்றக் கோப்பு நிலுவையில் இருப்பதால் கட்டட வேலைக்கு அனுமதி தர இயலாது" என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். அதாவது மாற்றமும் கிடையாது, மாற்றம் கேட்டதற்காகப் பழுது பார்ப்பதும் கிடையாது. அது சாதாரணக் கூரையும் இல்லை, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். முழுதாக இருக்கும் வரை பெரிதாகத் தொந்தரவில்லை, உடைந்தால்தான் இழை காற்றில் பறக்கும். தாரை திருடுகிறவர்கள் அதன் மேல் ஏறி நடந்து நடந்து உடைத்திருக்கிறார்கள். எந்த வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. நனைத்து, முழுதாகக் கழற்றி, பிளாஸ்டிக்கில் சுற்றி, தெரிந்தவர்களை வைத்து அப்புறப்படுத்த வேண்டிய பொருள். செலவு எங்களுடையது. கையெழுத்து மட்டும் உங்களுடையது.

6. வரி. சொத்து வரி மதிப்பீட்டில் எங்கள் இடம் "நகர மையத்தை ஒட்டிய பகுதி" என்று உயர்த்தப்பட்டிருக்கிறது. உங்கள் கட்டடத்தில் வரி போடும் அறைக்கு நாங்கள் நகர மையம், மாடியில் அனுமதி தரும் அறைக்கு நாங்கள் தொழிற்பேட்டை. இரண்டு அறைக்கும் நடுவே இருப்பது ஒரு படிக்கட்டு.

7. மண் பரிசோதனை கேட்டீர்கள், கொடுத்துவிட்டோம். பழைய டீசல் தொட்டி பூமிக்கு அடியில் இருந்தது உண்மை. தோண்டி எடுத்து, சுற்றியிருந்த மண்ணையும் அகற்றிய அறிக்கை உங்கள் கோப்பில் இருக்கிறது. சுற்றுச்சூழல் பிரிவின் கருத்துக்கு அனுப்பியிருப்பதாக உங்கள் பிரிவு சொல்கிறது, எதுவும் வரவில்லை என்று அந்தப் பிரிவு சொல்கிறது. நடுவில் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலையா?

8. மண்டலம் மாற்றினால் பாதுகாப்பு கெடும் என்ற தயக்கம் இருக்குமானால், உண்மை அதற்கு நேர்மாறு. 2016-இல் அமெரிக்காவின் ஓக்லாண்டில் ஒரு கிடங்கில் அனுமதியே இல்லாமல் ஆட்கள் குடியிருந்து, இசை நிகழ்ச்சியும் நடத்தி, தீயில் 36 பேர் செத்தார்கள். முறைப்படி மாற்றினால் இரண்டு வெளிவழி, தீயணைக்கும் தண்ணீர்த் தெளிப்பான், ஒழுங்கான படிக்கட்டு என்று ஒவ்வொன்றையும் நிபந்தனையாகப் போட உங்களுக்கு அதிகாரம் வருகிறது. நியூயார்க்கின் சோஹோவில் தொழிற்கூடங்களுக்குள் கலைஞர்கள் ஏற்கெனவே குடியேறிவிட்டார்கள் என்பதைப் பார்த்துவிட்டு 1971-லேயே விதியை மாற்றி வழி செய்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் 1999-இல் தனிச் சட்டமே போட்டுத் தன் நகர மையத்தின் பழைய கட்டடங்களைக் குடியிருப்பாக மாற்ற வழி திறந்தது. அவ்வளவு தூரம் எதற்கு, எதிரே ஆலை வளாகத்துக்கு நீங்களே இந்த மாற்றத்தைக் கொடுத்திருக்கிறீர்கள். அதே தெரு, அதே வரைபடம், நடுவில் ஒரு சாலை. அவர்களுக்குப் பொருந்திய விதி எங்களுக்கு ஏன் பொருந்தவில்லை என்று எழுத்தில் சொன்னால் ஏற்றுக்கொள்கிறோம்.

9. ஆகவே கேட்பது இவ்வளவுதான். நில வகைப்பாடு மாற்றத்துக்கு ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் உத்தரவு. இல்லை என்றால் காரணத்தோடு, மேல்முறையீடு செய்துகொள்கிறோம். இன்னும் ஏதாவது ஆவணம் வேண்டும் என்றால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் கேட்டுவிடுங்கள், ஒன்று கொடுத்த பிறகு அடுத்தது என்று வேண்டாம். முடிவு வரும் வரை ஆஸ்பெஸ்டாஸ் அகற்றவும், தூண் அடைப்பு எடுக்கவும், தாரை மாற்றவும் அவசரப் பழுது அனுமதி. இந்தக் கடைசி ஒன்றையாவது மழைக்கு முன் கொடுங்கள் ஐயா. மண்டலம் மாற்றுவதற்குக் கூட்டம் கூட வேண்டும், குழு பார்க்க வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். கூரைப் பழுதுக்கு எந்தக் குழுவும் வேண்டாம்.

மறுபடியும் கேட்கிறோம், சலுகை கேட்கவில்லை, பதில் கேட்கிறோம். ஆம் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிடங்கின் உரிமையாளர்கள்

குறிப்பு: தாங்கள் நேரில் பார்வையிட வருவதாக இருந்தால் முன்பக்க ஷட்டர் திறக்காது, பக்கச் சந்தில் உள்ள சிறிய கதவு வழியாக வர வேண்டும். பகலில் வாருங்கள், உள்ளே மின்சாரம் இல்லை. மூன்றாவது வரிசைத் தூணுக்குக் கீழே யாரும் நிற்க வேண்டாம்.