செயலாளர் ஆண்டறிக்கை 2024: பிள்ளைகளின் சொறியும் நம் மன்றத்தின் வேலையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

பொங்கல் விழா, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை, தீபாவளி அன்பளிப்பு எல்லாம் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு செயலவை அதிகம் பேசியதும் அலைந்ததும் வேறொன்றுக்காக. மலேசியாவின் பினாங்கில் உள்ள பிறை வட்டார அடுக்குமாடி வீடுகளில் நம் பிள்ளைகளைப் பிடித்த சொறிதான் (ஸ்கேபிஸ்) அது.

டியூஷன் வகுப்பில்தான் முதலில் தெரிய வந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போதே பிள்ளைகள் பென்சிலைப் போட்டுவிட்டு விரல் இடுக்கைச் சொறிந்தார்கள். கையை விரித்துப் பார்த்தால் இடுக்கெல்லாம் பொரிப்பொரியாக, மணிக்கட்டில் நகக்கீறல், சிலருக்கு மஞ்சள் பொருக்குத் தட்டிய புண். "ராத்திரியானா தூங்கவே மாட்டேங்கிறான் அக்கா" என்று ஒரு தாய் மகளிர் பிரிவுத் தலைவியிடம் கண் கலங்கினார். பல வீடுகளில் கொசுக்கடி என்று விட்டுவிட்டார்கள். சில வீடுகளில் கூடிஸ் (சொறிக்கு மலாய்ப் பெயர்) என்று தெரிந்தும் மூச்சு விடவில்லை. அக்கம்பக்கம் என்ன பேசுமோ என்ற பயம்.

அந்தப் பயம்தான் நோயை வளர்க்கிறது. கண்ணுக்குத் தெரியாத உண்ணி ஒன்று தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறது. ஒரே பாயில் ஒட்டிப் படுத்தாலே தொற்றிவிடும். தினம் இரண்டு வேளை குளிக்கும் பிள்ளைக்கும் வரும். உலகில் எந்த நேரத்திலும் 20 கோடிப் பேருக்கு மேல் இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணிக்கிறது. 2017இல் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலிலும் சேர்த்தது. நம் பினாங்கிலேயே ஒரு பராமரிப்பு இல்லத்தில் நடந்து 2010இல் வெளிவந்த ஆய்வில், பிள்ளைகளில் 31 விழுக்காட்டினருக்குச் சொறியும் 49 விழுக்காட்டினருக்குப் பேனும் இருந்தன.

பணி ஓய்வு பெற்ற தாதி ஒருவர் மண்டபத்துக்கு வந்து தாய்மாருக்கு விளக்கினார். முதல் தடவை தொற்றினால் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகுமாம். அதனால் அரிப்பில்லாத அப்பாவும் பாட்டியும்கூட ஒரே இரவில் மருந்து பூசியாக வேண்டும். பிள்ளைக்கு மட்டும் பூசினால் அடுத்த மாதம் திரும்ப வரும். நாம் பார்த்த வீடுகளில் அப்படித்தான் நடந்திருந்தது. மருந்து, உண்ணியைக் கொல்லும் 5 விழுக்காடு பெர்மெத்ரின் கிரீம். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகத்தடி, தொப்புள், கால்விரல் இடுக்கு எதையும் விடாமல் இரவில் பூசி, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். கைக்குழந்தைக்கு டாக்டரைக் கேட்டுத்தான். படுக்கை விரிப்பு, துணிமணிகளைச் சுடுநீரில் துவைக்கலாம். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் ஒரு வாரம் கட்டி வைத்தால் போதும். இவ்வளவும் செய்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிக்கலாம். அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று கடை கடையாக ஏறியவர்கள் நம்மிடையே உண்டு.

வேப்பிலை, மஞ்சள் போட்டுக் குளிப்பாட்டட்டும், ஆனால் அதை நம்பி மருந்தைத் தள்ளிப் போட வேண்டாம். படர்தாமரை என்ற வேறொரு தோல் நோய்க்குக் கையில் கிடைத்த ஸ்டீராய்டு கிரீமைப் பூசுவது இன்னும் மோசம். அரிப்பு அடங்கும், படை பரவும்.

சொறிந்த புண்ணில் கிருமி ஏறினால் சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகம்வரை பாதிக்கும். முகம் வீங்கி, சிறுநீர் தே ஓ (பால் கலக்காத தேநீர்) நிறத்தில் போனால் அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். இதைக் கேட்டதும் மண்டபமே அமைதியானது. அப்புறம்தான் வரிசையாக எழுந்து தங்கள் வீட்டு நிலையைச் சொன்னார்கள்.

எல்லாரும் சேர்ந்து செய்தால் பலன் உண்டு. பிஜித் தீவுகளில் ஊர் முழுக்க, உண்ணியைக் கொல்லும் ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்ததில், 32 விழுக்காடாக இருந்த சொறி ஓராண்டில் 2 விழுக்காட்டுக்கும் கீழே போனது. அது டாக்டர்கள் மேற்பார்வையில் நடந்தது. நம்மால் முடிந்தது, ஓர் அடுக்குமாடி புளோக்கில் எல்லா வீடும் ஒரே இரவில் மருந்து பூச ஏற்பாடு செய்வது.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). ஆனாலும் நாள் சம்பளக்காரர்கள் குடும்பத்தோடு போய்க் காத்திருக்க முடிவதில்லை. ஆகவே அடுத்த ஆண்டு தீபாவளி விருந்துச் செலவைக் குறைத்து, அந்தத் தொகையில் இக்குடும்பங்களுக்குப் போக்குவரத்தும், கிளினிக்கில் கிடைத்தது போதாத வீடுகளுக்கு டாக்டர் எழுதித் தரும் மருந்தும் ஏற்பாடு செய்யச் செயலவை பரிந்துரைக்கிறது. இதற்கு உறுப்பினர்களின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்