கேட்டகிரி எத்தனை என்று கேட்பதை விடுங்கள்: மெக்சிகோ வளைகுடாக் கரைக்குப் புதிதாக வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே, தம்பி தங்கைகளே,

ஹூஸ்டனுக்கோ டாம்பாவுக்கோ வேலை மாறி வந்து ஒன்றிரண்டு வருடம்தான் ஆகியிருக்கும் உங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். கடலில் எங்கோ ஒரு புயல் சுழல ஆரம்பித்ததும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் வரும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எந்த கேட்டகிரி?" ஒன்று என்று பதில் வந்தால் அவ்வளவுதானா என்று ஒரு நிம்மதி, நான்கு என்றால் உடனே கடைக்கு ஓட்டம். பதினைந்து வருடத்துக்கு மேல் இந்தக் கரையில் இருந்து பார்த்துவிட்டேன், இந்த ஒரு எண்ணை வைத்து முடிவெடுத்துத்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். நானும் அப்படி மாட்டிக்கொண்டவன்தான், அதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த எண் காற்றின் வேகத்தை மட்டும்தான் சொல்கிறது. மணிக்கு 74 மைலைத் தொட்டால் ஒன்று, 111 என்றால் மூன்று, 157 என்றால் ஐந்து. கடல் எவ்வளவு தூரம் ஊருக்குள் வரும், எத்தனை அங்குலம் மழை கொட்டும், புயல் எவ்வளவு அகலமானது, நகர்ந்து போகுமா அப்படியே நின்றுவிடுமா என்பது எதையும் அது சொல்லாது. ஆனால் உயிரைக் கொண்டுபோவது பெரும்பாலும் தண்ணீர்தான். 1963 முதல் 2012 வரையான ஐம்பது வருடங்களில் அட்லாண்டிக் புயல்களால் அமெரிக்காவில் நேரடியாக இறந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தண்ணீரால் இறந்தவர்கள், மொத்தத்தில் ஏறக்குறைய பாதிப் பேரைக் கொண்டுபோனது கரையேறி வந்த கடல். இது நமக்குத் தெரியாத விஷயமும் இல்லை. 1964இல் தனுஷ்கோடி அழிந்ததைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் பேசும்போது காற்றைப் பற்றியா பேசினார்கள்? ரயிலோடு சேர்த்துக் கடல் கொண்டுபோனதைத்தானே பேசினார்கள்.

இந்தக் கரையின் கதைகளும் அப்படித்தான். 2005இல் கத்ரீனா நடுக்கடலில் ஐந்தாம் எண்ணில் இருந்தது, கரையைக் கடக்கும்போது மூன்றாகக் குறைந்துவிட்டது. காற்று குறைந்ததே தவிர, அது இரண்டு மூன்று நாளாகத் தள்ளிக்கொண்டு வந்த தண்ணீர் குறையவில்லை. மிசிசிப்பிக் கரையில் 27 அடிக்கு மேல் கடல் ஏறியது, நியூ ஆர்லியன்ஸில் கரைச் சுவர்கள் உடைந்து நகரத்தின் எண்பது சதவீதம் மூழ்கியது. 2008இல் ஐக். வெறும் இரண்டாம் எண். கால்வெஸ்டனுக்குப் பக்கத்தில் பொலிவார் தீபகற்பத்தில் பதினைந்து அடிக்கு மேல் தண்ணீர் வந்து தெருத்தெருவாக வீடுகளைத் துடைத்துப் போட்டது. ஐக் விஷயத்தில் என்னை இன்றும் பயமுறுத்துவது அந்த உயரம்கூட இல்லை, நேரம். புயல் கரையைக் கடந்தது சனிக்கிழமை விடியற்காலை இரண்டு மணி வாக்கில், ஆனால் பொலிவாரிலிருந்து வெளியே போகும் சாலை அதற்கு முந்தைய நாள் காலையிலேயே தண்ணீருக்குள் போய்விட்டது. காற்று பலமாக அடிக்க ஆரம்பித்ததும் கிளம்பலாம் என்று பெட்டியைத் தயாராக வைத்திருந்தவர்களுக்குக் கிளம்ப வழியே இல்லாமல் போனது.

இன்னொரு பக்கம் 2017இல் ஹார்வி. அது கரையைக் கடந்தது ஹூஸ்டனுக்கு வெகு தூரம் தெற்கே, ராக்போர்ட் பக்கம். ஹூஸ்டனுக்கு வந்தபோது அது ஹரிக்கேனே இல்லை, அதாவது காற்று அந்த 74 மைலுக்குக் கீழே போய்விட்ட, வலுவிழந்த புயல், ஆனால் நகராமல் நின்று நாள்கணக்கில் பெய்தது, டெக்சாஸில் ஓர் இடத்தில் 60 அங்குலத்துக்கு மேல் மழை பதிவானது. இப்போது சொல்லுங்கள், "எந்த கேட்டகிரி?" என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில் இதில் எதற்கு உதவியிருக்கும்?

சரி, அப்படியானால் எதைக் கேட்க வேண்டும்? உங்கள் வீடு எந்த வெளியேற்ற மண்டலத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். இதைப் புயல் இல்லாத ஒரு சாதாரண நாளில், இன்றைக்கே, பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபுளோரிடாவில் ஏ, பி, சி என்று எழுத்துகளில் இருக்கும், முகவரியைப் போட்டால் மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் வந்துவிடும். ஹூஸ்டன், கால்வெஸ்டன் பக்கம் அஞ்சல் குறியீட்டை வைத்தே பிரித்திருக்கிறார்கள். இதில் படித்தவர்கள்கூடக் குழம்பும் ஒரு இடம் இருக்கிறது. வீடு வாங்கும்போது வெள்ள மண்டலம் என்று ஒன்றைச் சொல்லியிருப்பார்கள், அது இன்சூரன்ஸுக்காகப் போட்ட வரைபடம். வெளியேற்ற மண்டலம் வேறு, அது கடல் ஏறி வந்தால் எங்கே வரை வரும் என்று கணக்குப் போட்டு வைத்தது. "எங்கள் வீடு வெள்ள மண்டலத்தில் இல்லை" என்று சொல்லிக்கொண்டு வெளியேறும் உத்தரவு வந்த பிறகும் உட்கார்ந்திருந்த குடும்பங்களை எனக்கு நேரடியாகத் தெரியும்.

உங்கள் மண்டலத்துக்கு உத்தரவு வந்தால் கிளம்பிவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் முப்பது வருடமாக இருக்கிறார், அவரே போகவில்லை என்பதெல்லாம் காரணமே இல்லை, அவர் பார்த்த புயல் வேறு, வரும் புயல் வேறு. அதே நேரம், மண்டலத்துக்கு வெளியே, வெள்ளம் எட்டாத உறுதியான வீட்டில் இருந்தால் தயவுசெய்து சாலைக்கு வராதீர்கள். 2005இல் கத்ரீனா முடிந்த சில வாரங்களில் ரீட்டா வந்தபோது, பயத்தில் போக வேண்டியவர், வேண்டாதவர் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பியதில், ஹூஸ்டனைச் சுற்றி இருபது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கொதிக்கும் வெயிலில் சாலையில் நின்றார்கள். அந்த வெளியேற்றத்தில் மட்டும் நூறு பேர் அளவுக்கு இறந்தார்கள், அதில் 23 பேர் முதியோர் இல்லத்திலிருந்து வந்த ஒரு பேருந்து தீப்பிடித்ததில் போனவர்கள். அதனால்தான் இங்கே பேரிடர் அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், காற்று வந்தால் உள்ளே ஒளிந்துகொள், தண்ணீர் வந்தால் ஓடு என்று. ஓடுவது என்றால் டல்லாஸ் வரைக்கும் இல்லை. கடல் எட்டாத மேட்டில், உள்நாட்டுப் பக்கம் சில பத்து மைல் தள்ளி ஒரு நண்பர் வீடு இருந்தால் பெரும்பாலும் அதுவே போதும்.

தொலைக்காட்சியில் காட்டும் அந்தக் கூம்புப் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மயாமியில் இருக்கும் தேசிய ஹரிக்கேன் மையம் வெளியிடுவது அது. புயலின் மையம் எங்கே போகலாம் என்பதை மட்டும் காட்டுகிறது, கடந்த ஐந்து வருடக் கணிப்புகளில் எவ்வளவு பிசகியது என்பதை வைத்து வரைவது, மூன்றில் இரண்டு தடவைதான் மையம் அதற்குள் இருக்கும். புயலின் அகலம் அந்தக் கூம்பு இல்லை. கூம்புக்கு வெளியே இருந்தால் ஆபத்து இல்லை என்று அர்த்தமும் இல்லை. அதைவிடப் பெரிய தவறு நடுவில் போகும் கோட்டைப் பார்ப்பது. 2004இல் சார்லி டாம்பாவுக்கு வரும் என்று எல்லாரும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது முன்னதாகவே திரும்பி, டாம்பாவுக்குத் தெற்கே கயோ கோஸ்டா தீவில் ஏறியது. 2022இல் இயனிலும் அதே மாதிரி, டாம்பா டாம்பா என்றே பேச்சு, கடைசியில் அது கரை தொட்டது அதே கயோ கோஸ்டாவில், பக்கத்தில் ஃபோர்ட் மையர்ஸ் கடற்கரையில் பத்து முதல் பதினைந்து அடி தண்ணீர். பதினெட்டு வருட இடைவெளியில் ஒரே பாடம் இரண்டு தடவை. இனிமேல் கோட்டைப் பார்க்காமல், அதே மையம் வெளியிடும் கடல் ஏற்ற வரைபடத்தைப் பாருங்கள். தரைக்கு மேலே எத்தனை அடி தண்ணீர் வரலாம் என்று இடம் இடமாகப் போட்டிருப்பார்கள். ஆறு அடி என்று இருந்தால், எழுந்து உங்கள் வரவேற்பறைச் சுவரில் ஆறு அடி எது என்று கையை வைத்துப் பாருங்கள்.

நேரக் கணக்கு இப்படி: பலமான காற்று தொட 48 மணி நேரம் இருக்கும்போது வாட்ச், அதாவது புயல் வரக்கூடும் என்ற அறிவிப்பு, போடுவார்கள், 36 மணி நேரம் இருக்கும்போது வார்னிங், அதாவது வரப்போகிறது என்ற எச்சரிக்கை. கவனியுங்கள், புயல் கரையைக் கடக்கும் நேரத்திலிருந்து எண்ணுவது இல்லை இது, முதல் காற்று, மணிக்கு 39 மைல் வேகத்தில், வரும் நேரத்திலிருந்து எண்ணுவது. அதற்குப் பிறகு ஏணியில் ஏறிப் பலகை அடிக்க முடியாது, உயரமான பாலங்களை மூடிவிடுவார்கள். எனவே வாட்ச் போட்ட அன்றைக்கே குடும்பமாக உட்கார்ந்து முடிவு எடுங்கள், வார்னிங் வரும்போது வேலை முடிந்திருக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடியில் டேப் ஒட்டுவதில் நேரத்தை வீணாக்காதீர்கள், எந்தப் பயனும் இல்லை, உடையும்போது பெரிய பெரிய துண்டாக விழும், அவ்வளவுதான். ஒட்டுபலகை இருந்தால் அடியுங்கள்.

இப்போது என் கதை. 2024 ஜூலையில் பெரில் வந்தபோது அது முதல் எண். எங்கள் வீடு மண்டலத்துக்கு வெளியே, மேட்டில் இருக்கிறது, அதனால் வீட்டிலேயே இருந்தது சரியான முடிவுதான். ஆனால் ஒன்றுதானே என்று வேறு எந்த ஏற்பாடும் செய்யவில்லை, அதுதான் தப்பு. திங்கள்கிழமை காலை காற்று அடித்து மதியத்துக்குள் ஓய்ந்துவிட்டது, ஒரு மரக்கிளை விழுந்ததைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. மின்சாரம் மட்டும் போய்விட்டது. ஹூஸ்டன் சுற்றுவட்டாரத்தில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் ஒரே நேரத்தில் போயின, சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேல் வரவில்லை. ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார், இன்சுலின் போட்டுக்கொள்பவர். இங்கே உள்ள வீடுகள் ஏசியை நம்பிக் கட்டியவை, ஜன்னலைத் திறந்தாலும் காற்று வராது. ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லாமல் இருந்தார். இரண்டாம் நாள் சாயங்காலம் அவர் பேச்சு குழறியபோதுதான் எனக்கு உறைத்தது. மின்சாரம் இருந்த ஒரு நண்பர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், பிழைத்தார். அந்த வாரம் இந்த ஊரில் வெப்பத்தால் இறந்தவர்கள் இருக்கிறார்கள், வயதானவர்கள்தான் அதிகம்.

அதனால் அப்பா அம்மா வந்து தங்கியிருக்கும் வீடுகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். புயலுக்குப் பிறகு வரும் மூன்று நாள், ஐந்து நாள்தான் உங்களுடைய புயல். மாத்திரைகள் குறைந்தது இரண்டு வாரத்துக்கு இருக்கிறதா, இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க ஐஸ் பெட்டி இருக்கிறதா, மின்சாரம் போனால் எந்த நண்பர் வீட்டுக்குப் போவது, அவர்களிடம் முன்கூட்டியே பேசியாகிவிட்டதா என்று பாருங்கள். டெக்சாஸில் 211 என்ற எண்ணை அழைத்தால், தனியாகக் கிளம்ப முடியாதவர்களையும் மருத்துவ உதவி தேவைப்படுபவர்களையும் முன்பே பதிவு செய்து வைத்துக்கொள்வார்கள். பெரியவர்கள் "எனக்கு ஒன்றும் இல்லப்பா" என்றுதான் சொல்வார்கள். அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

ஜெனரேட்டர் வாங்கும் யோசனை இருந்தால் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியையும் அதே நாளில் வாங்குங்கள். 2020இல் லாரா முடிந்த பிறகு லூசியானாவில் ஜெனரேட்டர் புகையால் குடும்பம் குடும்பமாக இறந்தார்கள், புயலைத் தாண்டி வந்தவர்கள். கராஜ் கதவைத் திறந்து வைத்து உள்ளே ஓட்டலாம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள். வீட்டிலிருந்து குறைந்தது இருபது அடி தள்ளி, எந்த ஜன்னலையும் பார்த்துப் புகை போகாமல், வெளியே வையுங்கள். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, தூங்குபவர் எழுந்திருக்க மாட்டார்.

மற்றவை சுருக்கமாக. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் குடிநீர். குளியல் தொட்டியை நிரப்பி வைத்தால் கழிப்பறைக்கு ஆகும், ஆனால் கைக்குழந்தை இருந்தால் அந்த அறையைப் பூட்டி வையுங்கள். சீசன் முழுக்க, அதாவது ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, கார் டேங்க் பாதிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மின்சார கார் வைத்திருந்து அது உப்புத் தண்ணீரில் மூழ்கிவிட்டால் வீட்டுப் பக்கம் நிறுத்தி வைக்காதீர்கள், நாள் கழித்துக்கூட பேட்டரி தீப்பிடிக்கிறது. பாஸ்போர்ட், ஐ-797 என்ற விசா அனுமதித் தாள், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், நகை எல்லாம் ஒரே நீர்புகாப் பையில், அதைக் கிளம்பும்போது முதலில் எடுங்கள். நம்மைப் போல விசாவில் இருப்பவர்களுக்கு அந்தத் தாள்களைத் திரும்ப வாங்குவது எவ்வளவு பாடு என்று உங்களுக்கே தெரியும்.

இன்சூரன்ஸில் ஒன்று மட்டும் மறக்காதீர்கள். சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் வெள்ளத்துக்குக் காசு தராது. வெள்ளத்துக்கு அரசாங்கத் திட்டத்தில் தனியாக வாங்க வேண்டும், வாங்கி முப்பது நாள் கழித்துத்தான் அது பொதுவாக நடைமுறைக்கு வரும், புயல் பெயர் வைத்த பிறகு ஓடினால் கிடைக்காது. வாடகைக்கு இருப்பவர்கள்கூட வீட்டுச் சாமான்களுக்கு மட்டும் இதை வாங்கலாம், பலருக்கு இது தெரிவதே இல்லை.

கடைசியாக ஒன்று. ஹூஸ்டனில் கிளியர் லேக், லீக் சிட்டி, கால்வெஸ்டன் பக்கம் இருந்து, இங்கே யாரையும் தெரியாது, எங்கே போவது, ஹோட்டலுக்கு அவ்வளவு பணம் கொடுக்க முடியாதே என்ற ஒரே காரணத்தால் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். அதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். எங்கள் வீட்டில் மேலே ஓர் அறை காலியாக இருக்கிறது, கீழே ஹாலில் இன்னும் நான்கு பேர் படுக்கலாம், குழந்தையோடு வந்தாலும் பெரியவர்களோடு வந்தாலும் இடம் இருக்கிறது. நம் குழுவில் மேட்டுப் பகுதியில் வீடு வைத்திருக்கும் மற்றவர்களும் இந்த வாரமே தங்கள் பெயரையும் எத்தனை பேருக்கு இடம் என்பதையும் எழுதிப் போடுங்கள். எந்தக் குடும்பம் எந்த வீட்டுக்கு என்பதை வாட்ச் போடும் முன்பே பேசி வைத்துவிடலாம்.