கார்பன் ஏன் எலக்ட்ரானைக் கொடுப்பதில்லை?

பாளையங்கோட்டை

அன்பு மகள் கோமதிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். பத்தாம் வகுப்பில் கார்பன் பாடம் நடத்தும்போது, சோடியம் தன் எலக்ட்ரானைக் கொடுத்துவிடுவது போலக் கார்பனும் தன் வெளிக்கூட்டிலுள்ள நான்கையும் கொடுத்துவிட்டால் என்ன என்று ஒரு மாணவன் கேட்டதாகவும், வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் இருந்தால் அணு நிலைபெறும் என்ற எண்ம விதியைச் சொல்லியும் அவன் சமாதானமடையவில்லை என்றும் எழுதியிருந்தாய். நியாயமான கேள்வி. எண்ம விதி நடப்பதைச் சொல்லுமே தவிர, அதன் காரணத்தைச் சொல்லாது. அணுவுக்கு ஆசை இருப்பதாகப் பேசுவதை விட்டுவிட்டு, ஆற்றல் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டு.

சோடியத்திலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரிக்க மோலுக்கு (அணுக்களை எண்ணும் அளவு அது) 496 கிலோ ஜூல் போதும். கார்பனின் வெளிக்கூட்டிலுள்ள நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்க ஏறத்தாழ 14,300 கிலோ ஜூல் வேண்டும். ஒவ்வொன்றும் போகப் போக, எஞ்சியவற்றின்மீது அணுக்கருவின் பிடி இறுகிக்கொண்டே போகும். சாதாரண வேதிவினை எதுவும் அச்செலவை ஈடுகட்டாது. மாறாக, நான்கை வெளியிலிருந்து ஏற்றுக்கொண்டால், ஆறே புரோட்டான்கள் பத்து எலக்ட்ரான்களைக் கட்டி மேய்க்க வேண்டியிருக்கும், அதுவும் நடவாது.

எஞ்சியிருப்பது 1916இல் அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் முன்வைத்த வழி: இரண்டு அணுக்கள் ஓர் எலக்ட்ரான் இணையைப் பொதுவில் வைத்துக்கொள்வது. இடையில் திரண்டிருக்கும் அந்த எலக்ட்ரான்களை இரு அணுக்கருக்களும் ஒருசேர இழுக்கின்றன. ஆனால் மிக நெருங்கினால் அணுக்கருக்களே ஒன்றையொன்று விலக்கும். ஈர்ப்பும் விலக்கமும் சமப்படும் தொலைவில் அவை நிலைகொள்கின்றன. இரு கார்பன்களுக்கு இடையிலான ஒற்றைப் பிணைப்பில் அது 154 பிகோமீட்டர் (ஒரு பிகோமீட்டர் என்பது மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). தனித்தனி அணுக்களாக நிற்கும் ஒரு கார்பனும் நான்கு ஹைட்ரஜன்களும் இவ்வாறு கூடி மீத்தேனாகும்போது மோலுக்கு ஏறத்தாழ 1,660 கிலோ ஜூல் வெளிப்படுகிறது. செலவே இல்லாமல் வரவு!

மீத்தேனைத் தட்டையான சிலுவையாக வரைந்து காட்டுவதோடு நின்றுவிடாதே. நான்கு பிணைப்புகளும் நான்கு முக்கோண முகங்கள் கொண்ட நான்முகியின் மூலைகளை நோக்கி, 109.5 பாகை கோணத்தில் விலகி நிற்கின்றன என்பதற்கு டச்சு வேதியியலாளர் வான்ட் ஹாஃப் 1874இலேயே அடிகோலிவிட்டார். ஒரு களிமண் உருண்டையும் நான்கு ஈர்க்குச்சிகளும் கொடுத்தால் பிள்ளைகளே செய்து பார்த்துவிடுவார்கள்.

இரண்டு கார்பன்கள் இரண்டு இணைகளைப் பொதுவில் வைத்துக்கொள்ளும் இரட்டைப் பிணைப்பில் ஒரு நுட்பம் உண்டு. ஒற்றைப் பிணைப்பை உடைக்க ஏறத்தாழ 347 கிலோ ஜூல் தேவையென்றால், இரட்டைப் பிணைப்புக்கு 694 அன்று, 614தான். இரண்டாவது இணை அணுக்கருக்களை இணைக்கும் நேர்கோட்டில் இல்லாமல் அதன் மேலும் கீழுமாக நிற்பதால் அதன் பிடி சற்றுத் தளர்வு. இத்தகைய பிணைப்புள்ள எத்திலீன் எளிதில் வினைபுரிவதற்கு அதுவே காரணம். கார்பனின் நீண்ட சங்கிலிகளைப் பற்றிக் கேட்டால் சிலிக்கானை ஒப்பிடு: பெரிய அணுவாதலால், அதன் ஒற்றைப் பிணைப்பின் வலிமை ஏறத்தாழ 226 கிலோ ஜூல் மட்டுமே, அதனால் நீண்ட சங்கிலியாக நிலைப்பது அதற்குக் கடினம்.

இன்னொன்று. உடன்குடிப் பக்கம் பதநீர் காய்ச்சும் அடுப்பில் பனையோலை எரிவதைப் பார்த்திருக்கிறாய். அந்த வெப்பம் ஓலையிலுள்ள பிணைப்புகள் உடைவதால் வருவதன்று. உடைப்பதற்குச் செலவுதான் ஆகும். கார்பன் ஆக்சிஜனோடு கூடி, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 800 கிலோ ஜூல் வலிமையுள்ள புதிய இரட்டைப் பிணைப்புகளை உண்டாக்கும்போதும், ஹைட்ரஜன் நீராகும்போதும் கிடைப்பதே அது. பிணைப்பு உடைந்து வெப்பம் வந்தது என்று எவனாவது விடைத்தாளில் எழுதினால், தயவுதாட்சண்யம் பார்த்து மதிப்பெண் போட்டுவிடாதே.

அன்புடன்,
அப்பா