நாங்கள் புறப்பட்ட நேரத்திலிருந்து எண்ணுங்கள்: சாலை ஓட்டப் பந்தய அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். கொரோனா முடக்கத்துக்குப் பிறகு, இந்த 2021-ல், சாலைப் பந்தயங்களை மறுபடி நடத்த ஆரம்பித்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. இந்தச் சூழலில் அனுமதி வாங்குவதும் ஆட்களைத் திரட்டுவதும் எவ்வளவு அலைச்சல் என்று தெரியும். தடுப்பூசிச் சான்றிதழ், பரிசோதனை முடிவு, புறப்படும் இடம் வரை முகக்கவசம், இடைவெளி விட்டு வேவ் வேவாக, அதாவது அணி அணியாக, அனுப்புவது என்று நீங்கள் கொண்டுவந்த எந்த ஏற்பாட்டோடும் எனக்குச் சண்டை இல்லை. எனக்கு 66 வயது. இந்த வைரஸ் எந்த வயதுக்காரர்களை அதிகம் கொண்டுபோயிற்று என்பதை எங்கள் தொலைபேசிப் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கேட்க வந்தது ஒன்றே ஒன்று. கட் ஆஃப் நேரத்தை, அதாவது ஓடி முடிக்க நீங்கள் தரும் கெடுவை, முதல் வேவ் கிளம்பிய நேரத்திலிருந்து கணக்கிடாதீர்கள். ஒவ்வொருவரும் தொடக்கக் கோட்டைக் கடந்த நேரத்திலிருந்து கணக்கிடுங்கள்.

இது ஏதோ நுணுக்கமான விதி விவகாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அண்மையில் நான் ஓடிய அரை மாரத்தானில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். விதிப்புத்தகத்தில் கட் ஆஃப் 3 மணி 30 நிமிடம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். 21.1 கிலோமீட்டருக்கு அது தாராளம். கிலோமீட்டருக்கு 10 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகப் போனாலே முடித்துவிடலாம். நான் 8 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடுகிறவள். அதை நம்பித்தான் பணம் கட்டினேன்.

முதல் வேவ் காலை 6 மணிக்கு. முன்பெல்லாம் எல்லோரையும் அடுத்தடுத்து விட்டுவிடுவார்கள், கடைசி ஆள் கோட்டைத் தாண்டப் பத்து நிமிடம் ஆகலாம். இப்போது கூட்டம் சேரக்கூடாது என்பதால் வேகத்தின்படி பிரித்து, இடைவெளி விட்டு, கடைசி வேவை 7 மணிக்கு அனுப்பினார்கள். அந்தக் கடைசி வேவில் யார் இருந்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நரைத்த தலைகள், முழங்காலில் பட்டை மாட்டியவர்கள், கொரோனா வந்து தேறி இப்போதுதான் மூச்சைப் பழக்கிக்கொண்டிருக்கும் நாற்பது வயதுக்காரர்கள் சிலர். சாலையை 9.30-க்குத் திறந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆக, முதல் வேவுக்கு மூன்றரை மணி நேரம். எங்களுக்கு இரண்டரை. வேகமாக ஓடுகிறவர்களுக்குக் கூடுதல் நேரம், மெதுவாக ஓடுகிறவர்களுக்குக் குறைந்த நேரம்!

இன்னும் ஒரு படி மேலே போய்ப் பாருங்கள். கடைசியில் வருகிறவர்களை ஏற்றிக்கொள்ளும் ஸ்வீப் வண்டி கிலோமீட்டருக்கு 10 நிமிடக் கணக்கில் வரும் என்று விதியில் இருந்தது. 6 மணிக்கு அதன் கடிகாரம் ஓட ஆரம்பித்தது என்றால், 7 மணிக்கு அது 6-வது கிலோமீட்டரில் இருக்க வேண்டும். நாங்கள் அப்போதுதான் தொடக்கக் கோட்டில் காலைத் தூக்கி வைக்கிறோம். பின்னால் வரவேண்டிய வண்டி கணக்குப்படி எங்களுக்கு 6 கிலோமீட்டர் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. கிலோமீட்டருக்கு இரண்டு நிமிடம் அதைவிட வேகமாக ஓடியும், 21 கிலோமீட்டருக்குள் அதை எட்டிப் பிடிக்க என்னால் முடியாது. முடியவே முடியாது, காகிதத்தில் போட்டுப் பாருங்கள். நாங்கள் ஓடத் தொடங்கும் முன்பே தாமதமாகிவிட்டோம்.

முதல் சில கிலோமீட்டர்களில் தண்ணீர் மேசைகள் இருந்தன. தன்னார்வலப் பிள்ளைகள் மனசு வைத்து நின்றதால் இருந்தன என்றுதான் நினைக்கிறேன். 12-வது கிலோமீட்டரில் மேசையை மடக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 15-வதில் மேசையும் இல்லை, மீதி இருந்த பெட்டிகளை ஒருவர் டேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. ஒட்டிய டேப்பை நகத்தால் கிழித்து, ஒரு பாட்டிலை எடுத்து, கையுறை போட்ட கையால் துடைத்து நீட்டினார். "மன்னிச்சுக்குங்கம்மா, எட்டரைக்கே மூடச் சொல்லிட்டாங்க" என்றார். மணி அப்போது ஒன்பது. அந்தப் பையன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. எட்டரை என்று அவர் கையில் தாளைக் கொடுத்தவர்களோடுதான் பேச வேண்டியிருக்கிறது.

வயதாக ஆகத் தாகம் தெரிவது குறையும் என்பது உங்கள் மருத்துவக் குழுவுக்குத் தெரியாதது இல்லை. உடம்பில் நீர் குறைந்துகொண்டே போகும், தொண்டை அதைச் சொல்லாது. சிறுநீரகமும் முன்போல நீரைப் பிடித்து வைக்காது. ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எங்கள் வேவில் எத்தனையோ பேர். அதனால்தான் தாகம் எடுக்கிறதா என்று பார்க்காமல் மேசை வந்தால் குடி என்று எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். மேசைதான் வரவில்லை. தொற்று பரவும் என்று கோப்பைகளை எடுத்துவிட்டு மூடிய பாட்டில் கொடுத்தது சரி. மேசைகளின் எண்ணிக்கையைக் குறைத்தது கூடப் பரவாயில்லை, இடுப்பில் ஒரு பாட்டில் கட்டிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் வெயில் ஏறிய பிறகு, கடைசி ஆறு ஏழு கிலோமீட்டரில், எல்லாரையும்விடத் தண்ணீர் தேவைப்படுகிற கூட்டத்துக்கு மட்டும் தண்ணீர் இல்லை என்பதற்கு எந்த வைரஸையும் காரணம் காட்ட முடியாது.

17-வது கிலோமீட்டரில் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர், "பாட்டி, நடைபாதை மேல ஏறிடுங்க, ரோட்டைத் திறக்கப் போறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு பந்தயம் எனக்கும் பேருந்துகளுக்கும் இடையில்தான். நடைபாதையில் ஒவ்வொரு திருப்பத்திலும் இறங்கி ஏறி, சிக்னலில் நின்று, முடிவிடத்துக்குப் போனபோது என் கைக்கடிகாரத்தில் 2 மணி 47 நிமிடம். எங்கள் நேரத்தைப் பதிய, நாங்கள் கட்டிவரும் சிப்பைப் படிக்கும் பாயைச் சுருட்டி வைத்திருந்தார்கள். அன்று மாலை முடிவுகள் வந்தன. என் பெயருக்கு எதிரே தொடக்க நேரம் 7 மணி சொச்சம் இருந்தது, 10-வது கிலோமீட்டர் நேரம் இருந்தது, அப்புறம் வெற்றிடம். கடைசிக் கட்டத்தில் "முடிக்கவில்லை".

நெஞ்சில் குத்திய என் பிப் எண் அட்டைக்குப் பின்னால் ஒட்டிய சிப்புக்கு நான் எப்போது கிளம்பினேன் என்று தெரியும். உங்கள் கணினிக்கும் தெரியும், முடிவுப் பட்டியலிலேயே அச்சிட்டிருக்கிறது. அதை வைத்துத்தான் முதல் வேவ் ஓட்டக்காரருக்குத் துல்லியமாக நெட் டைம், அதாவது கோட்டைத் தாண்டியதிலிருந்து முடித்தது வரையான நேரம், கொடுக்கிறீர்கள். மேடை ஏறிப் பரிசு வாங்குகிறவர்களுக்குத் தொடக்கத் துப்பாக்கிச் சத்தத்திலிருந்து கணக்கு என்றால் அது நியாயம், அவர்கள் ஒருவரோடு ஒருவர் தோளுரசி ஓடுகிறார்கள். எங்களுக்கு எதற்கு அந்தத் துப்பாக்கி? அது வெடித்தபோது நாங்கள் இடைவெளி வட்டத்துக்குள் முகக்கவசத்தோடு நின்றுகொண்டிருந்தோம், நீங்கள் நிற்கச் சொன்னதால்.

கட் ஆஃபே கூடாது என்று நான் சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்தில் 12 மணி நேரம் முடிந்த நொடியில், ஓடி வருகிறவர்களைப் பார்க்காமல் முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியைச் சுடுகிறார்கள். இரண்டடி தள்ளி இருந்தாலும் பதக்கம் கிடையாது. கொடூரமாகத் தோன்றும், ஆனால் அங்கே நெடுங்காலம் எல்லோரையும் ஒரே வெடிச்சத்தத்தில் அனுப்பி வந்தார்கள்.

கடைசியில் வருகிறவர்களை இப்படி நடத்தும் பழக்கம் கொரோனாவோடு வந்ததும் இல்லை. 2011 அக்டோபரில் டொராண்டோ வாட்டர்ஃபிரண்ட் மாரத்தானில் ஃபௌஜா சிங் ஓடினார், கடவுச்சீட்டின்படி வயது 100. கூட்டத்தில் தொடக்கக் கோட்டைத் தாண்டவே அவருக்குப் பதினான்கு நிமிடம் ஆனது. 8 மணி 11 நிமிடத்தில் முடித்தார். அவர் கடைசி சில நூறு கெஜங்களைக் கடந்துகொண்டிருந்தபோது, முடிவிடத்தில் தடுப்புகளைக் கழற்றிக்கொண்டும் விளம்பரப் பதாகைகளை இறக்கிக்கொண்டும் இருந்தார்கள். 2019-ல் லண்டன் மாரத்தானில் மெதுவாக ஓடியவர்கள், தண்ணீர் மேசைகள் எடுக்கப்பட்டதையும், துப்புரவு வண்டிகள் முட்டிக்கொண்டு வந்ததையும், கேலிப் பேச்சையும் வெளியே சொன்ன பிறகு அமைப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். முன்பு பத்துப் பதினைந்து நிமிடமாக இருந்த அநியாயத்தைக் கொரோனா ஒரு மணி நேரமாக நீட்டிவிட்டது, அவ்வளவுதான்.

"சாலையை அதற்கு மேல் மூடி வைக்கக் காவல்துறை அனுமதிப்பதில்லை" என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். இரண்டரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால், விதிப்புத்தகத்தில் கடைசி வேவுக்கு இரண்டரை மணி நேரம் என்றே அச்சிடுங்கள். பணம் கட்டுவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம். அல்லது மெதுவாக ஓடுகிறவர்களை முதலில் அனுப்புங்கள். பெரிய மாரத்தான்களில் சக்கர நாற்காலி வீரர்களை முன்னதாகவே அனுப்புவது பல காலமாக நடக்கிறதே. வேகமானவர்கள் எங்களைத் தாண்டிப் போவார்கள், திறந்த வெளியில் இரண்டு மூன்று நொடி. நெருக்கம் என்று பயந்தால், எங்களை வலது ஓரத்தில் ஓடச் சொல்லுங்கள், ஓடுகிறோம். 2021 அக்டோபரில் பாஸ்டன் மாரத்தானில் 20,000 பேருக்கு மட்டும் இடம் கொடுத்து, தொடக்கத்தில் கூட்டமாக நிறுத்தி வைக்காமல், பேருந்தில் வந்து இறங்கியவர்களை அப்படியே ஓட விட்டார்கள். யோசித்தால் வழி இருக்கிறது.

"வயதானவர்கள் இந்தக் காலத்தில் வராமல் இருப்பதே பாதுகாப்பு" என்று உங்களில் ஒருவர் என்னிடமே சொன்னார். பாதுகாப்பாம். எங்களைப் பாதுகாக்கத் தனியாக மருத்துவச் சான்றிதழ் கேட்டீர்கள், கொடுத்தோம். அதே பாதுகாப்புதான் 17-வது கிலோமீட்டரில் எங்களைத் திறந்த போக்குவரத்துக்குள் விட்டது. 'வீட்டிலிருந்தே ஓடலாமே, விர்ச்சுவல் ரேஸ் இருக்கிறதே' என்றும் அவரே சொன்னார். ஓடினோமே, 2020 முழுக்க அதைத்தானே செய்தோம். போனைக் கையில் கட்டிக்கொண்டு, ஒரே தெருவைச் சுற்றிச் சுற்றி, அது பாதி வழியில் சிக்னல் இழந்தால் மறுபடி ஓடி. லண்டன் அந்த ஆண்டு விர்ச்சுவலுக்கு 24 மணி நேரம் கொடுத்தது. நேரில் வந்தால் இரண்டரை மணி நேரத்தில் துரத்துகிறீர்கள்! 'அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தருகிறோம்' என்று எளிதாகச் சொல்கிறீர்கள். டோக்கியோ மாரத்தான் 2020 மார்ச் ஓட்டத்தை முதல்தர வீரர்களுக்கு மட்டும் நடத்தி, மற்றவர்களை 2021-க்கு மாற்றியது, அது 2021 அக்டோபர் ஆனது, பிறகு 2022 மார்ச் ஆனது. இருபத்தைந்து வயதில் இரண்டு ஆண்டு தள்ளிப்போவது வேறு, அறுபதுகளின் கடைசியில் தள்ளிப்போவது வேறு. முடக்கத்தில் விட்டுப்போன பயிற்சி இந்த வயதில் லேசில் திரும்பி வராது. அந்த 2 மணி 47 நிமிடத்தை நான் எப்படிச் சேர்த்தேன் என்று எனக்குத்தான் தெரியும். இதற்கு நடுவே உங்கள் அடுத்த பந்தயச் சுவரொட்டியில் ஒரு வெள்ளைத் தலைக்காரர் சிரித்துக்கொண்டு ஓடுகிறார், பக்கத்தில் "வயது வெறும் எண்" என்று வாசகம். அவரை எந்த வேவில் போட்டிருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

கோபம் எங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள், கேட்க வந்ததைத் திரும்பவும் கேட்கிறேன்.

அடுத்த விதிப்புத்தகம் வெளிவருவதற்குள் ஒரே ஒரு வரியை மாற்றுங்கள்: "கட் ஆஃப், ஒவ்வொருவரும் தொடக்கக் கோட்டைக் கடந்த நேரத்திலிருந்து கணக்கிடப்படும்." தண்ணீர் மேசையை மூடும் நேரத்தையும், முடிவிடத்துப் பாயைச் சுருட்டும் நேரத்தையும் அந்த வரியை வைத்தே குறித்துத் தாருங்கள், தன்னார்வலர்கள் கையில் கொடுக்கும் தாள் உட்பட. அதற்கு இடமில்லை என்றால் கடைசி வேவுக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் என்பதைப் பதிவுப் பக்கத்திலேயே, பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே போடுங்கள். கடைசி வேவில் 7 மணிக்குக் கிளம்பி, மூன்றரை மணி நேரத்துக்குள் ஓடி முடித்தும் "முடிக்கவில்லை" என்று போடப்பட்ட அனைவரின் கைக்கடிகாரப் பதிவுகளையும் வாங்கிப் பார்த்து, முடிவுப் பட்டியலைத் திருத்தித் தரவும் கேட்டுக்கொள்கிறேன். என்னுடைய பதிவு பத்திரமாக இருக்கிறது, கேட்ட அன்றே அனுப்பிவிடுவேன்.

பதிலை எதிர்பார்த்து,

இப்படிக்கு,
65–69 பெண்கள் பிரிவில் ஓடும் ஒருத்தி