நிரையில் நிற்கும் முகம்

ஹட்டன்

அன்புள்ள மகளுக்கு,

தைப்பொங்கலுக்கு ஊருக்கு வருமுன் உன்னுடைய நிக்கோன் இசட் 5 கமராவுக்கு 50 மி.மீ. எஃப் 1.2 லென்ஸ் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்க வேண்டாம் என்பதே என் பதில். அது மிகச் சிறந்த லென்ஸ்தான். ஆனால் 1,090 கிராம் எடையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தேயிலை நிரைகளுக்கிடையே ஏறி இறங்குவது எளிதல்ல. மேலும், எஃப் 1.2 என்று லென்ஸின் துளையை அகலத் திறந்து கிட்ட நின்று முகத்தை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மிகக் குறைவு என்பதால் ஒரு கண் தெளிவாகவும் மறுகண் கலங்கலாகவும் விழக்கூடும். கொழுந்து பறிக்கும் கையும் முதுகிலுள்ள கூடையும் அடையாளமின்றிக் கரைந்துபோகும்.

நான் ஸ்டூடியோ நடத்திய காலத்து நிக்கோன் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கால் கிலோகூட இல்லை. இங்குள்ள ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் படர்ந்துவிடும் என்பதால், அதைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, அந்த நீல மணிகள் நிறம் மாறி இளஞ்சிவப்பாகும்போதெல்லாம் சூடாக்கி உலர்த்தி வந்திருக்கிறேன். பழைய கமராவில் உள்ளே கண்ணாடி மேலெழுந்து இறங்க இடம் வேண்டியிருந்ததால் லென்ஸ் ஃபிலிமிலிருந்து 46.5 மி.மீ. தள்ளிப் பொருத்தப்பட்டது. உன் மிரர்லெஸ் கமராவில் அந்தக் கண்ணாடி இல்லை; தூரம் 16 மி.மீ. மட்டுமே. மீதி 30.5 மி.மீ. இடைவெளியை நிரப்பும் வெற்று வளையம் ஒன்று வாங்கினால் போதும்.

ஓட்டோஃபோகஸ் வேலை செய்யாது. வியூஃபைண்டரில் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்து, கையாலேயே ஃபோகஸை மெதுவாகத் திருப்பிப் பழகு. லென்ஸ் 50 மி.மீ., எஃப் 1.8 என்று மெனுவில் பதிந்துவிடு. அது தெரிந்தால்தான் கை நடுக்கத்தைத் தாங்கும் பொறி எவ்வளவு அசைய வேண்டும் என்பதைச் சரியாகக் கணிக்கும். ஆனால் அது தாங்குவது உன் கையின் அசைவை மட்டுமே. கொழுந்து கிள்ளும் விரல்கள் தெளிவாக விழ ஷட்டர் வேகம் 1/500 நொடியாவது இருக்க வேண்டும்.

இனி, முக்கியமானதைச் சொல்கிறேன். உன் அப்பாயி கூடையோடு நிரையில் நிற்கும் படம் நம்மிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதில் முகம் தெரியாது. அதை எடுத்தவன் நான். பின்னால் பனிமூட்டம் வெள்ளையாய்த் திரண்டு நின்றது. கமராவின் ஒளி அளக்கும் மீட்டர் காட்டிய அளவை அப்படியே நம்பி அழுத்தினேன். மீட்டருக்கு வெள்ளை எது, கறுப்பு எது என்று தெரியாது. எதிரே உள்ளதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணி அளக்கும். வெண்பனி நிறைந்த காட்சியில் அது ஒளியைக் குறைத்துவிட, பனி சாம்பலானது, அவருடைய கரிய முகம் இருளில் மறைந்தது. நெகட்டிவ்வில் அந்த இடத்தில் எதுவும் பதியாததால், எத்தனை முறை பிரிண்ட் போட்டுப் பார்த்தும் முகத்தை மீட்க முடியவில்லை. ரோலைக் கழுவிய பிறகே அது எனக்குத் தெரிந்தது. உனக்கோ, அழுத்துமுன்பே வியூஃபைண்டரில் தெரிந்துவிடும். மிரர்லெஸ் கமராவில் நான் மிகப் பெரிதாக மதிப்பது இதைத்தான். பனியில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, பிளஸ் 1 வரை கூட்டு. முகம் இன்னும் இருண்டிருந்தால் மேலும் கூட்டு. இருளிலிருந்து வெளிச்சம் வரை படத்தின் ஒளி அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலப்பக்கம் சாய்ந்து நிற்கட்டும். முகம் தெளிந்து, பின்னணிப் பனி சற்று வெளிறிப்போனாலும் பரவாயில்லை.

கட்டுநாயக்காவிலிருந்து ஏசி வேனில் வரும்போது, கினிகத்தேனையில் நிறுத்தியவுடன் கமராவை வெளியே எடுக்காதே. குளிர்ந்த லென்ஸில் ஈரம் படியும். பையை மூடியபடி அரை மணி நேரம் விட்டுவை.

உன் அத்தை இந்த வருடத்தோடு வேலையிலிருந்து நிற்கிறாள். அவளுக்கு அப்பாயியின் முகச் சாடை. நிரையில் வைத்துப் படம் எடுக்கலாமா என்று கேட்டேன், சம்மதித்துவிட்டாள். காலை ஏழரைக்கு மலைக்கு ஏறுவாள். அப்போது பனி இருக்கும். வளையத்தை மறக்காமல் வாங்கி வா.

அன்புடன்,
அப்பா