முதல் பாவசங்கீர்த்தனத்துக்குத் துணை நின்றவர்களுக்கு

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

புதுநன்மைக்கு, அதாவது முதன்முறை நற்கருணை வாங்கக் காத்திருக்கும் நாற்பது பிள்ளைகளும் முதல் பாவசங்கீர்த்தனத்தை, குருவான சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதை, நல்லபடியாக முடித்துவிட்டார்கள். புதுநன்மை என்றால் வெள்ளை உடுப்பு, மெழுகுதிரி, போட்டோ என்று ஊரே பார்க்கும். பாவசங்கீர்த்தனத்துக்கு உழைத்தவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. அதனால்தான் இந்த மடல். யார் என்ன செய்தார்கள் என்று விவரமாகவே எழுதுகிறோம்; அடுத்த பங்குகளில் இதே வேலையைச் செய்கிறவர்களுக்கும் உதவட்டும்.

பங்குத்தந்தைக்கு முதல் நன்றி. புதுநன்மைக்கு முந்தின நாள் சாயங்காலம் அவசரமாக வைப்பதை விட்டு, மூன்று வாரம் முன்பே நாள் குறித்தார். முந்தின நாள் பிள்ளைகளின் மனம் தையற்கடையிலும் ஒத்திகையிலும் இருக்கும். செய்த தப்புகளை நினைத்துப் பார்க்கும் ஆத்தும சோதனைக்கு இடமிருக்காது. புதுநன்மைக்கு முன்பே பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் (914). திருத்தந்தை பத்தாம் பயஸ் 1910-இல் ஏறக்குறைய ஏழு வயதைப் புத்தி விவரம் வரும் வயதாக வைத்தபோது, மறைக்கல்வியை முழுக்கக் கரைத்துக் குடித்திருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. மந்திரம் தடுமாறிய பிள்ளைகளைப் பங்குத்தந்தை திருப்பி அனுப்பாமல் சேர்த்துக்கொண்டது எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

பக்கத்துப் பங்குகளிலிருந்து வந்த மூன்று சாமியார்களுக்கும் நன்றி. பங்குத்தந்தையோடு நான்கு பேர் உட்கார்ந்தால் ஆளுக்குப் பத்துப் பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போனாலும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒருவரே கேட்டால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடைசிப் பிள்ளைகள் பசியிலும் தூக்கத்திலும் எல்லாவற்றையும் மறந்திருப்பார்கள்.

அருட்சகோதரிகளுக்கு என்ன சொன்னாலும் போதாது. ஆத்தும சோதனைதான் இதில் கடினமான பகுதி, அதிகம் தப்பு நடப்பதும் அங்கேதான். பத்துக் கட்டளைகளை அப்படியே வாசித்துக் காட்டினால், அர்த்தம் தெரியாமலே ‘விபசாரம் செய்தேன்’ என்று எழுதிக்கொண்டு வரும் பிள்ளை எல்லா ஆண்டும் உண்டு. சகோதரிகள் கட்டளைகளை மூன்று கேள்வியாகச் சுருக்கினார்கள்: இயேசுவோடு எப்படி இருந்தேன், வீட்டில் எப்படி இருந்தேன், பள்ளியிலும் விளையாட்டிலும் எப்படி இருந்தேன். பிறகு, எது பாவம், எது பாவம் இல்லை என்று பிரித்துக் காட்டினார்கள். கை தவறி விழுந்த தம்ளர் பாவம் இல்லை. அதைத் தம்பி தலையில் கட்டிச் சொன்ன பொய் பாவம். அம்மா அப்பா கூட்டிப்போகாததால் தவறிய ஞாயிறு பூசை பிள்ளையின் பாவம் இல்லை; போகச் சொல்லியும் வயிற்றுவலி என்று நடித்தது பாவம். கோபம் வந்தது பாவம் இல்லை. அந்தக் கோபத்தில் வேண்டுமென்றே அடித்தது பாவம். இந்த வேறுபாடு பிடிபடாத பிள்ளை ஒன்று பாவத்தை இட்டுக்கட்டும், இல்லையென்றால் ‘எனக்குப் பாவமே இல்லை’ என்று நிற்கும். இன்னொரு வகை, தங்கையின் குற்றங்களை வரிசையாக அடுக்கும். ‘நான்’ என்று தொடங்காத வாக்கியம் வேண்டாம் என்ற ஒரே விதி அதைச் சரிசெய்தது.

எழுதிவைக்கும் சீட்டு மூன்று நான்கு வரிக்குமேல் போகவில்லை, பெயரும் இல்லை. சின்னக் குற்றங்களை எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை, ‘அடிக்கடி’, ‘சில தடவை’ போதும். எழுதத் தடுமாறும் பிள்ளைகள் படமாக வரைந்தார்கள். ஆசிரியர்கள் உட்பட யாரும் சீட்டைப் பார்க்கவில்லை. ஒத்திகையிலும் சொந்தப் பாவத்தைச் சொல்ல வைக்காமல், நடந்து போவது, சிலுவை அடையாளம் போடுவது, ‘சாமி, என்னை ஆசீர்வதியும், இது என் முதல் பாவசங்கீர்த்தனம்’ என்று தொடங்குவது, இவற்றோடு நிறுத்திக்கொண்டோம்.

பாவத்துக்கு வருந்திச் சொல்லும் செபமான மனஸ்தாப மந்திரம் சொல்லிக்கொடுத்த பாட்டிமார்களே, உங்களுக்கும் நன்றி. உங்கள் வாயில் ‘என் சர்வேசுரா சுவாமி’ என்று தொடங்கும் பழைய மந்திரம்தான் வரும். வகுப்பில் நாங்கள் சொல்லிக்கொடுப்பது புதியது. இரண்டும் கலந்தால் பிள்ளை நடுவில் நின்றுவிடும். அதை உணர்ந்து, எங்கள் தாளைப் பார்த்து இரவுச் செபத்தில் தினமும் ஒரு வரியாகச் சொல்லவைத்தீர்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் காதால் கேட்டே படித்தது உங்களால்தான். மறந்துபோனாலும் ‘இயேசுவே, வருந்துகிறேன், என்னை மன்னியும்’ என்று சொன்னால் போதும் என்று சாமியார்கள் முன்கூட்டியே சொன்னதில் பாதிப் பயம் போயிற்று.

பெற்றோருக்கு ஒரு தனி வணக்கம். ‘இரு, சாமியார்கிட்ட சொல்றேன்’ என்ற மிரட்டலை இரண்டு மாதம் நிறுத்தச் சொன்னோம், நிறுத்தினீர்கள். அப்படி மிரட்டி வளர்த்த பிள்ளைக்குச் சாமியார் போலீஸ்காரர்தான். முடிந்து வந்த பிள்ளையிடம் ‘என்ன சொன்னே, சாமி என்ன சொன்னார்’ என்று நீங்கள் கேட்கவில்லை. உயிரே போனாலும் சாமியார் அந்த இரகசியத்தை வெளியிடக்கூடாது என்று வகுப்பில் சொல்லிவிட்டு வீட்டில் துருவிக் கேட்டால் பிள்ளை எதை நம்பும்? அன்று உங்களில் பலர் பிள்ளைக்கு முன்பாகப் போய் முழங்காலிட்டீர்கள். அதற்கு ஈடான பாடத்தை எந்த வகுப்பிலும் எங்களால் நடத்த முடியாது.

கோவில் வேலைகளைக் கவனிக்கும் கோவில்பிள்ளை அண்ணன் செய்ததைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். சாமியார் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்கும் கூண்டு, அதாவது பாவசங்கீர்த்தனத் தொட்டி, பெரியவர்கள் உயரத்துக்குச் செய்தது. எட்டு வயதுப் பிள்ளை முழங்காலிட்டால் வாய் கம்பித் தட்டிக்குக் கீழே போய்விடும். சாமியாருக்குக் கேட்காது, பிள்ளை கத்தும், வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்கும். அண்ணன் முழங்காலிடும் இடத்தில் அரை அடி உயரத்துக்குப் பலகை அடித்துக்கொடுத்தார். முகம் பார்த்துப் பேச விரும்பும் பிள்ளைகளுக்காக, பீடத்தின் இரு பக்கமும் எல்லாரும் பார்க்கும்படி, ஆனால் யாருக்கும் கேட்காதபடி, இரண்டிரண்டு நாற்காலி போட்டார். வரிசையைப் பதினைந்து அடி தள்ளி நிறுத்தினார். பாடகர் குழுவின் தம்பி தங்கைகள் மெதுவாகப் பாடிக்கொண்டே இருந்ததும் பேச்சை மறைக்கத்தான்.

சாமியார்கள் கொடுத்த பரிகாரம் சின்னதாகவும் தெளிவாகவும் இருந்தது: ஒரு அருள் நிறைந்த மரியே, அல்லது வீட்டில் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்பது. பெரிதாகக் கொடுத்தால் பெஞ்சுக்கு வருவதற்குள் மறந்துவிடும். செபமாகக் கொடுத்ததை உடனே முன்வரிசையில் முழங்காலிட்டுச் செய்யவைத்த இளையோருக்கு நன்றி. கிழித்த சீட்டுகளை மணல் பரப்பிய சட்டியில் எரித்ததும் அவர்கள்தான்.

இனி ஒரு விண்ணப்பம். முதல் பாவசங்கீர்த்தனத்துக்குப் பிறகு ஆறு மாதம் இடைவெளி விட்டால், பிள்ளை மறுபடியும் முதல் நாள் பயத்தோடுதான் வரும். வருகிற முதல் வெள்ளிக்கு, பூசைக்கு அரை மணி நேரம் முன்னதாகவே கூட்டிவாருங்கள். பலகையைக் கழற்ற வேண்டாம் என்று கோவில்பிள்ளை அண்ணனிடம் சொல்லிவைத்திருக்கிறோம்.

அன்புடன்,
மறைக்கல்வி ஆசிரியர்கள்