டாக்டர் கோட்டோவை வரைந்தவருக்கு

அன்புள்ள யமாடா டகடோஷி சென்செய்க்கு,

வணக்கம். உங்கள் மொழியில் மருத்துவரும் சென்செய், பள்ளி ஆசிரியரும் சென்செய், மங்கா என்கிற படக்கதை வரைபவரும் சென்செய். ஜப்பானில் ஃபுகுவோகாவுக்கு வேலைக்கு வந்த முதல் வருடம் இது எனக்குக் குழப்பமாக இருந்தது. உங்கள் மங்கா 'டாக்டர் கோட்டோ ஷின்ர்யோஜோ' (டாக்டர் கோட்டோ மருத்துவ நிலையம்) படித்த பிறகு குழப்பம் போய்விட்டது. மூன்று பேரும் செய்வது ஏறக்குறைய ஒரே வேலைதான் என்று தோன்றியது.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்து சேராது என்று தெரியும். என் ஜப்பானிய மொழி கடைக்கும் அலுவலகத்துக்கும் போதும். மனதில் இருப்பதைச் சொல்லத் தமிழ்தான் வேண்டியிருக்கிறது.

உங்கள் 25 தொகுதிகளையும் பழைய புத்தகக் கடைகளில் ஒன்றிரண்டாகத்தான் வாங்கினேன். வரிசையாகக் கிடைக்கவில்லை. 4-க்குப் பிறகு 9, அப்புறம் 6. பக்கத்தில் அகராதி. ஒரு தொகுதிக்கு இரண்டு வாரம் ஆனது. மெதுவாகப் படித்ததும் நல்லதுக்குத்தான். வேகமாகப் படிக்கிறவர்கள் அறுவை சிகிச்சைகளுக்குத் தாவிவிடுவார்கள். எனக்கு நடுவில் இருக்கும் சும்மா பக்கங்கள் எல்லாம் கிடைத்தன.

இதைப் படிக்கப்போகும் தமிழ் நண்பர்களுக்காகக் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவில் பெரிய மருத்துவமனையில் வேலை பார்த்த கோட்டோ கென்சுகே என்கிற அறுவை சிகிச்சை நிபுணர், ஒரு நோயாளியின் மரணத்தைச் சுமந்துகொண்டு தூரத்துத் தீவு ஒன்றின் சிறிய மருத்துவ நிலையத்துக்கு வருகிறார். 2000-இல் 'யங் சண்டே' வார இதழில் தொடங்கிய கதை. மங்காவுக்கான ஷோகாகுகான் விருது வாங்கியது. 2003-இல் ஃபுஜி தொலைக்காட்சியில் தொடராக வந்து ஜப்பான் முழுக்கப் பரவியது.

நான் உங்களுக்கு நன்றி சொல்ல நினைப்பது அந்த மருத்துவர் வந்து இறங்கும் முதல் நாட்களுக்காக. வாசலைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருக்கிறார், யாரும் வரவில்லை. இவ்வளவு கெட்டிக்காரர் வந்திருக்கிறார், தீவே திரண்டு வரவேண்டாமா? வரவில்லை. தீவுக்காரர்கள் ஏற்கெனவே பல மருத்துவர்களைப் பார்த்துவிட்டார்கள். வருவார்கள், கொஞ்ச நாள் இருப்பார்கள், போய்விடுவார்கள். அப்படி இருக்கும்போது புதிதாக ஒருவரை ஏன் நம்ப வேண்டும்? நீங்கள் அவர்களை அறியாத ஜனங்களாகக் காட்டவில்லை. அவர்கள் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது என்று காட்டினீர்கள்.

என் அம்மா கிராம சுகாதார செவிலியராக இருந்தவர். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே ஐந்து ஊர் போவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் வருவது தெரிந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறமாகப் போய்விடுவார்களாம். முதல் வருடம் முழுக்க ஒரு வீட்டிலும் "உட்காருங்க" என்று சொல்லவில்லை என்று அம்மா சொல்லுவார். மறு வருடம் ஒரு பாட்டி திண்ணையில் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போனாராம். அன்றைக்குத்தான் அந்த ஊரில் தனக்கு வேலை கிடைத்தது என்று அம்மா சொல்லுவார். உங்கள் காலி மருத்துவ நிலையத்தைப் பார்த்ததும் எனக்கு அந்தச் சொம்புதான் ஞாபகம் வந்தது.

தொலைக்காட்சித் தொடரின் முதல் பகுதியில் வரும் படகுக் காட்சியை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. சிறுவன் டகெஹிரோவுக்குக் குடல்வால் வீங்கிவிடுகிறது. அவனுடைய அப்பா மீனவர் ஹாரா. மனைவியை இழந்ததிலிருந்து தீவு மருத்துவர்கள் யாரையும் நம்பாதவர். மகனைப் படகில் போட்டுக்கொண்டு பெரிய ஊருக்குக் கிளம்பிவிடுகிறார். ஆறு மணி நேரக் கடல். குடல்வால் வெடித்துச் சீழ் வயிற்றுக்குள் பரவ ஆரம்பித்தால் அவ்வளவு நேரம் தாங்காது. கூடவே வரும் மருத்துவரோ கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுக்கிற ஆள். கடைசியில் நடுக்கடலில், ஆடும் படகிலேயே அறுவை சிகிச்சை நடக்கிறது.

எல்லோரும் அந்தக் கத்தியைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு அந்த அப்பாதான் பெரிதாகத் தெரிகிறார். மருத்துவர் தனக்குத் தெரிந்த தொழிலைச் செய்கிறார். அப்பாவோ, தன் மனைவியைக் காப்பாற்றாத ஒரு கூட்டத்தைச் சேர்ந்த மனிதரிடம் மகனை ஒப்படைக்கிறார். இரண்டில் எது கஷ்டம் என்று என்னைக் கேட்டால் தயங்காமல் சொல்லுவேன்.

அந்தப் பையன்தான் மருத்துவருக்குப் பெயரும் வைக்கிறான். 'கோ' எழுத்தின் மேல் போடவேண்டிய இரண்டு சின்னக் கோடுகளை விட்டுவிட்டு, 'டாக்டர் கோட்டோ மருத்துவ நிலையம்' என்று கொடியில் எழுதிவிடுகிறான். அந்தக் கோடுகள் இருந்தால் 'Go' என்பதுபோல் அழுத்தமான ஒலி, இல்லாவிட்டால் 'Ko' என்பதுபோல் மெல்லிய ஒலி என்று என் ஜப்பானியத் தோழி விளக்கினாள். சென்செய், தமிழில் இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்துதான். எங்கள் பையன் எழுதியிருந்தால் அந்தப் பிழையே நடந்திருக்காது. பிழையோடு பறக்கும் அந்தக் கொடியை அவிழ்க்காமல் விட்டாரே உங்கள் மருத்துவர், அது எனக்கு மிகவும் பிடிக்கும்.

உங்கள் கதைக்கு மூலமாக இருந்தவர் கற்பனை மனிதர் இல்லை என்று தெரிந்ததும் தூக்கமே வரவில்லை. ககோஷிமாவுக்கு மேற்கே, ஷிமோ கொஷிகி தீவின் டெயுச்சி மருத்துவ நிலையத்தில் இருந்த செட்டோவே கென்ஜிரோ. 1978-இல், சொந்தமாக மருத்துவமனை தொடங்குவதற்கு முன்னால் ஆறு மாதம் மட்டும் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர் 2017 வரை அங்கேயே இருந்துவிட்டார். 39 ஆண்டுகள்! ஜப்பானியச் சட்டப்படி 20 படுக்கை இருந்தால்தான் அது மருத்துவமனை. 19 வரை ஷின்ர்யோஜோ, வெறும் மருத்துவ நிலையம். அந்தச் சின்னப் பெயருக்குள் அவர் எவ்வளவு பெரிய வேலை செய்திருக்கிறார்!

ஒரு ஆகஸ்ட் விடுமுறையில் நான் அங்கே போனேன். குஷிகினோ துறைமுகத்திலிருந்து கப்பல். உங்கள் மருத்துவர் பட்ட பாடு எனக்கும் வந்தது, வழி முழுக்கக் கண்ணை மூடியே உட்கார்ந்திருந்தேன். நாகஹாமாவில் இறங்கி, டெயுச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். உருண்டைக் கற்களை அடுக்கிக் கட்டிய பழைய சாமுராய் தெருவின் மதில்கள், அந்தப் பக்கம் நீளமான கடற்கரை. தீவின் சரிவுகளில் புள்ளி போட்ட இளஞ்சிவப்பு லில்லிப் பூக்கள். 'கனோகோ யூரி' என்கிறார்கள். மருத்துவ நிலையத்தை வெளியில் நின்று பார்த்தேன், உள்ளே போகவில்லை. நோயாளி இல்லாத ஒருத்தி அங்கே போய் வேடிக்கை பார்ப்பது சரியில்லை என்று பட்டது. வாசலில் ஒரு சைக்கிள், ஒரு கைத்தடி, இரண்டு ஜோடி ரப்பர் செருப்பு. அது போதும் என்று திரும்பிவிட்டேன்.

தொடருக்காக யோனகுனி தீவில், ஹிகாவா கடற்கரையில் கட்டிய மருத்துவ நிலையம் இன்னும் இருக்கிறது, பயணிகள் வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே போகவேண்டும் என்று எனக்கு ஏனோ தோன்றவில்லை.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சில தொகுதிகளில் உங்கள் மருத்துவருக்கு எல்லாமே முடிகிறது. எந்த நோய் வந்தாலும் அவர் கை பார்த்துக்கொள்கிறது. படிக்கும்போது பரபரப்பாக இருக்கும், மூடிவைத்ததும் பயமாக இருக்கும். அந்தக் கை நின்றுபோனால் தீவு என்ன செய்யும்? 2022-இல் வந்த திரைப்படத்தில் அவருக்கே ரத்தப் புற்றுநோய் வருகிறது. ஒற்றை மனிதரின் தியாகத்தில் ஓர் ஊர் பிழைத்திருப்பது சரியா என்று அதில் ஓர் இளம் மருத்துவர் கேட்கும்போது, எனக்கு அவன் பக்கம்தான் நிற்கத் தோன்றியது. ஜப்பான் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இல்லை. 1972-இலேயே மாகாணங்கள் எல்லாம் சேர்ந்து ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கின. அங்கே படிப்பவர்கள் சொந்த மாகாணத்தில் 9 ஆண்டுகள் வேலை பார்த்தால் படிப்புக் கடனைத் திருப்ப வேண்டியதில்லை. மருத்துவர் இல்லாத மலை ஊர்களுக்கும் தீவுகளுக்கும் அந்தப் பிள்ளைகள்தான் போகிறார்கள். உங்கள் கதையைப் படித்துவிட்டு மருத்துவம் சேர்ந்தவர்களும் அவர்களில் இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

என்னை உட்காரவைத்தவை வேறு பக்கங்கள். சைக்கிளை மிதித்து வீடு வீடாகப் போகும் பக்கங்கள். ஒரு கிழவரின் நாடியைப் பிடித்துக்கொண்டு அவர் பேசுவதைக் கேட்கும் பக்கங்கள். அங்கே நீங்கள் வசனத்தைக் குறைத்துக் கடலை வரைந்திருப்பீர்கள். அம்மாவிடம் அப்படி ஒரு பக்கத்தைக் காட்டினேன். ஒரு எழுத்தும் புரியாமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிழவரின் காலைத் தொட்டுக் காட்டி, "வீக்கம் இருக்கு பாரு, உப்பைக் குறைக்கச் சொல்லணும்" என்றார். நான் அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்திருக்கிறேன், கால் வீங்கியிருப்பதைக் கவனிக்கவே இல்லை.

2010-இல் உங்கள் உடல்நிலை காரணமாகக் கதை நின்றுபோனது. பழைய புத்தகக் கடைக்குப் போனால் இன்றும் என் கண் 25-க்கு அடுத்த இடத்தைத் தேடும். ஆனால் கேட்க மாட்டேன், சென்செய். 26 வராவிட்டாலும் பரவாயில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். அம்மாவும் அதைத்தான் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
ஒரு வாசகி